கிருஷ்ணாபுரத்தில் பதிவாகும் சூரியன்

தச்சநல்லூரிலிருந்து ஜங்ஷன், பாளையங்கோட்டை தாண்டித் திருச்செந்தூர் சாலையில் போனால் கிருஷ்ணாபுரம். சிற்பங்களுக்காக அங்கே போகிறவர்கள் பலர். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகமும் அங்கேதான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்வதுதான் அது இங்கே அமைந்ததற்குக் காரணம்.

அந்தக் கோட்டை ஒட்டி, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே, பகலெல்லாம் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் காற்றிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்தெடுப்பதால் அங்கே மின்சாரம் ஓட முடிகிறது. உச்சிவேளையை ஒட்டி வலுத்து, மாலையில் தணியும். தரையிலுள்ள காந்தமானி இந்த ஏற்ற இறக்கத்தை அன்றாடம் பதிவு செய்கிறது.

இக்கதிர்களைக் கூட்டுவதும் குறைப்பதும் சூரியனின் காந்தம். சூரியனுக்குள் கொதித்துச் சுழலும் மின்னூட்ட வாயுதான் அதை உருவாக்குகிறது. அது மேற்பரப்பைத் துளைத்து வரும் இடங்களே கரும்புள்ளிகள். ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை அவை பெருகும். 2024 மே மாதம் அப்படியொரு பெரும் புள்ளிக்கூட்டம் சீறியதில், லடாக்கின் ஹான்லேயில் இரவு வானம் சிவந்தது. சூரியனை ஆராயும் இந்திய விண்கலமான ஆதித்யா எல்1-உம் அந்த வெடிப்புகளைப் பதிவு செய்தது. அத்திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர்.

சூரியனுக்கும் நமக்கும் இடையிலான 15 கோடி கிலோமீட்டர் தொலைவும் பூமியின் சொந்தக் காந்தமும் இத்தகைய சீற்றங்களிலிருந்து நம்மைக் காக்கின்றன. பிராக்சிமா சென்டாரி என்ற விண்மீனைச் சுற்றும் ஒரு கோளுக்கு அந்தத் தொலைவு வாய்க்கவில்லை. 2016இல் அறிவிக்கப்பட்ட அக்கோள், தன் விண்மீனிலிருந்து சுமார் 75 லட்சம் கிலோமீட்டரிலேயே சுற்றுகிறது. அதற்கு ஓர் ஆண்டு என்பது நம் 11 நாள்தான். தண்ணீர் நிற்கக்கூடிய தொலைவுதான். ஆனால் அந்தச் சிறிய சிவப்பு விண்மீன் காந்த வெடிப்புகளுக்குப் பேர்போனது. ஓயாத கதிர்வீச்சில் கோளின் காற்று மிஞ்சியிருக்குமா என்பதே இன்றைய பெரிய கேள்வி. உயிர் தேடுவோர் வெப்பத்தை மட்டும் கணக்கிடுவது போதாது, விண்மீனின் காந்தத்தையும் அளந்தே ஆகவேண்டும். விண்மீனை நெருங்கிச் சுற்றும் பெருங்கோள்கள் அதன் காந்தத்தைத் திருப்பித் தூண்டுவதற்கான அறிகுறிகளும் கிடைத்துள்ளன.

பிராக்சிமா கண்ணுக்குத் தெரியாது. அதன் துணையான ஆல்பா சென்டாரியை மே, ஜூன் மாத முன்னிரவுகளில் நெல்லையின் தென்வானில் தாழ்வாகப் பார்க்கலாம். ஆசிரியர்களே, பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். அனுமதி பெற்றுக் கிருஷ்ணாபுரம் ஆய்வகத்துக்கும் ஒருநாள் அழைத்துப் போங்கள்.