பேஸ் கிற்றாரும் இடக்கை விரல்களும்

லிவர்மோரில் வளரும் நம் பிள்ளைகளுள் சிலர் பாடசாலை ஜாஸ் குழுக்களிலே பேஸ் கிற்றார் வாசிக்கின்றனர். "வீணையை விட்டு இதையா கற்பது?" எனப் பெற்றோர் வினவுவதுண்டு. இளையராஜாவின் பாடல்களைச் செவிகூர்ந்து கேட்போர், பாட்டின் அடியிலே தனியொரு பாட்டாக நடந்து செல்லும் பேஸின் நாதத்தை அறிவர். ஆதலின் அவ்வினாவை விடுத்து, இப்பிள்ளைகளை வருத்தும் மணிக்கட்டு நோவைப் பற்றியே எழுதப் புகுந்தேன்.

யாழ்ப்பாணத்தில் கணிதம் கற்பித்தவனாதலால் அளவிலிருந்து தொடங்குகிறேன். 1951இல் இதே கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பேஸ் கிற்றாரின் தந்தி நீளம் 34 அங்குலம். இன்றும் அதுவே பொது அளவு. அதிலே முதலாம் மெட்டுக்கும் நான்காம் மெட்டுக்கும் இடையே 5 அங்குலத்துக்கு மேல் உண்டு. "விரலுக்கொரு மெட்டு" என்னும் விதியை அங்கே பதினொரு வயதுப் பிள்ளையின் கையில் திணித்தால் நோவே மிஞ்சும்.

இதற்குத் தீர்வு புதிதன்று. 19ஆம் நூற்றாண்டிலே பிரான்ஸ் சிமாண்டில் என்பார் டபுள் பேஸுக்கு எழுதிய பயிற்சி நூலின் வழி அது. சுட்டுவிரல் ஒரு மெட்டு, நடுவிரல் அடுத்தது, சுண்டுவிரல் மூன்றாவது; மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணையாகச் சேர்ந்து அழுத்தும். விரிவு 3½ அங்குலமாகக் குறைகிறது. நான்காம் மெட்டு வேண்டின் விரலை நீட்டாது கையையே நகர்த்துக. மேலே செல்லச் செல்ல மெட்டுகள் நெருங்கும். பன்னிரண்டாம் மெட்டுக்கு அப்பால் இடைவெளி பாதியே. அங்கே விரலுக்கொரு மெட்டு எளிது.

மெட்டின் மேலன்று, அதனையொட்டிச் சற்றே பின்னால் அழுத்துக. தள்ளி அழுத்தினால் வலிமை கூட வேண்டும், தந்தியும் கரகரக்கும். பெருவிரல் கழுத்தின் பின்புறம், நடுவிரலுக்கு நேரே தளர்ந்து நிற்க, மணிக்கட்டு வளையாதிருத்தல் வேண்டும்.

வீணை பயின்ற பிள்ளைகளுக்கு ஒரு சொல். வீணையிலே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தே கமகம் பிறக்கிறது. அப்பழக்கத்தால் பேஸிலும் இழுத்தால் சுருதி ஏறிவிடும். ஸ்வரத்தை நிறுத்துவதும் இடக்கையின் பணியே: விரலைத் தந்தியிலிருந்து எடுத்துவிடாது அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் ஒலி அடங்கும்.

வாசிக்கையில் நோவு கண்டால் உடனே நிறுத்துக. கருவி வாங்கும் பெற்றோர், 30 அங்குலத் தந்தி நீளமுள்ள பேஸும் உண்டென அறிக. அது விளையாட்டுப் பொருளன்று. பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி புகழ்பெறச் செய்த ஹொஃப்னர் அவ்வகையதே. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். மெட்டுகளை அழுத்துவது அவருடைய வலக்கை!