ஈய எழுத்து எழுத்துருவாகும்போது

1862ஆம் ஆண்டில் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் அச்சான வின்சுலோவின் தமிழ் – ஆங்கில அகராதியைத் திறப்பவர் கண்கள் பொருளினும் முன்னே எழுத்தில் சென்று நிற்கும். அச்சகத்தை நடத்திய பி. ஆர். ஹண்ட்டின் கைவண்ணம் அது. எழுத்துகள் மிகச் சிறியவை. ஆயினும் கோடுகள் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் தெளிவாக நிற்கின்றன.

இத்தகைய எழுத்தைச் 'செரிஃப்' என்று அழைக்கும் வழக்கம் இன்று பரவியுள்ளது. செரிஃப் என்பது இலத்தீன் எழுத்தின் கோட்டு நுனியில் நீளும் சிறுகோடு. ஓலையில் எழுத்தாணி கீறிய நம் எழுத்துக்கு அது பிறவியில் இல்லை. தமிழில் அப்பெயரால் நாம் குறிப்பது தடிப்பும் மெலிவும் கலந்த கோட்டினையே. அது ஈய அச்சு தந்தது. பெயர் பொருந்தாதெனினும் வழக்கில் நிலைத்துவிட்டது. அதனுடன் வழக்காட வேண்டியதில்லை.

மறைந்த அச்செழுத்தொன்றைக் கணினிக்கு மீட்க விரும்புவோர் பழைய பக்கத்தைப் படியெடுத்து, அதன் விளிம்பை அப்படியே வரைந்துவிட்டால் போதும் என எண்ணுவதுண்டு. போதாது. தாளில் காண்பது ஈயத்தின் வடிவமன்று. ஈயமும் அச்சுமையும் தாளும் சேர்ந்து விளைத்த வடிவம். மை கசிந்து கோடு பருத்திருக்கும்; தேய்ந்த எழுத்தில் சுழி அடைபட்டிருக்கும். ஆகவே ஒரே எழுத்தைப் பல பக்கங்களில் ஒப்பிட்டு, கொத்தியவர் கருதிய கோடு எது எனத் தெளிதல் வேண்டும். சுவடிப் பதிப்பாசிரியர் பாடவேறுபாடு நோக்கும் வேலைக்கு இது சற்றும் குறைந்ததன்று.

இதனினும் கடினமான வினா ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், ணை, லை, ளை, னை ஆகிய பதின்மூன்று எழுத்துகளை மாற்றியது. அதற்கு முந்தைய நூல்களில் றா ஒரே சுழியாக வளைந்திருக்கும். லை துதிக்கை தூக்கி நிற்கும். கிள்ளானில் மாணவர் சிலரிடம் அவர்தம் பாட்டியின் திருமண அழைப்பிதழை ஒருமுறை நீட்டினோம். சரளமாகப் படித்து வந்தவர்கள் பழைய 'னை'யில் தடுமாறி நின்றனர். மூன்று தலைமுறைக்குள் நேர்ந்த தடுமாற்றம் இது.

மீட்கும் எழுத்துருவில் எவ்வடிவை வைப்பது? இரண்டையும் வைக்கலாம் என்பதே நம் கருத்து. ஒருங்குறியில் 'லை' என்பது லகரமும் ஐகாரக் குறியும் அடுத்தடுத்து நிற்பது மட்டுமே. அது திரையில் எவ்வுருக் கொள்ளும் என்பதை எழுத்துருவே முடிவு செய்கிறது. ஓப்பன்டைப் முறையில் புதிய வடிவை இயல்பாகவும் பழைய வடிவை விருப்பத் தெரிவாகவும் அமைக்க இயலும். எவ்வடிவில் தோன்றினும் அடியிலுள்ள உரை ஒன்றே. ஆதலின் 'தலை' எனத் தேடினால் இரண்டும் அகப்படும்.

இப்பணிக்கு வேண்டிய கைத்திறன் நம் நாட்டில் உண்டு. கோலாலம்பூரின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு, கணினித் தமிழின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. அவர் வடித்த இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளுடனேயே வருகிறது. மூலங்களும் உண்டு. 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' ஏடு ஒன்றே பல பத்தாண்டுக்கால அச்சினைத் தாங்கியுள்ளது. பிரிக்பீல்ட்ஸ் வீடுகளின் பழைய பெட்டிகளில் கோயில் மலர்களும் அழைப்பிதழ்களும் இன்னும் கிடக்கக்கூடும். அவற்றுள் மை கசியாத தாள்களைத் தேர்ந்து, கறையான் முந்துமுன் உயர்ந்த தெளிவில் படியெடுத்து வைத்தல் மாணவர் இப்போதே தொடங்கத்தக்க வேலை.