தூக்கணங்குருவி

வயற்கரைப் பனையோலைகளிற் குடுவை குடுவையாய்த் தொங்கும் கூடுகளைக் காணாது வளர்ந்தவர் நம் பழைய மாணவருள் அரியர். குறுந்தொகையின் 374ஆம் பாட்டிலே பனையில் தொங்கும் இக்கூடு உவமையாய் வந்துள்ளது. எல்லார்க்கும் செய்தற்கரிய செயல்களுள் குருவியின் கூட்டையும் வைத்துப் பாடுகிறது ஔவையார் தனிப்பாடலொன்று. கூட்டை இத்துணை போற்றிய நாம், அதனுள் நிகழும் இல்வாழ்வை அத்துணை கவனித்தோமல்லம்.

இப்பறவை ஊர்க்குருவியின் அளவினது. நீளம் ஏறக்குறைய 6 அங்குலம். விதையுடைக்கத் தக்க தடித்த அலகு உடையது. ஆணும் பெண்ணும் ஏனைய நாளில் வேறுபாடின்றிப் பழுப்பு நிறமாய் இருக்கும். இனப்பெருக்கப் பருவத்தில் மட்டும் ஆணின் உச்சியும் மார்பும் பொன்மஞ்சளாகும், முகம் கரும்பழுப்பாகும். 1766இல் லின்னேயசு இதற்குப் பிலிப்பைன்சுத் தீவுகளின் பெயரைச் சூட்டினார். அங்கு இஃது இயல்பாக வாழ்வதில்லை. முன்னோர் ஒருவரின் பிழைக்குறிப்பால் நேர்ந்தது அது. இதன் மூலவிடம் இலங்கையே எனப் பின்வந்தோர் வரையறுத்தனர். நம் பறவைக்கு அயலார் பெயர் வாய்த்தவாறு இது.

கூடு கட்டுவது ஆணே. நெல்லிலையின் ஓரத்தை அலகாற் கீறி, நுனியைக் கவ்விப் பறக்க, நீண்ட நார் உரிந்து வரும். பச்சை நாராதலின் முடிச்சு இறுகும். ஒரு கூட்டுக்கு ஐந்நூறு முறைவரை பறந்து திரிவதுண்டு. தலைகீழாய்க் கவிழ்த்த தொப்பிபோலக் கூடு பாதி முடிந்ததும் ஆண் நிறுத்திவிடும். பெண்கள் வந்து பார்க்கும். ஆண்கள் சிறகடித்து ஆரவாரிக்கும். பெண் ஏற்றால்தான் முட்டையறையும் நெடுங்குழாய் வாயிலும் முற்றுப்பெறும். ஏலாதாயின் உழைப்பு வீண். மரத்தில் அரைகுறையாய்த் தொங்குவன பெரும்பாலும் இவ்வாறு தள்ளப்பட்டவையே; ஆண் உறங்கும் ஊஞ்சல் என ஊரார் சொல்லும் கதையை யாமும் கேட்டதுண்டு.

1930இல் பம்பாய்க்கு அண்மையிலுள்ள கிகிம் என்னும் கடற்கரையூரில் இவற்றைப் பொறுமையுடன் நோக்கிய சாலிம் அலி, ஓர் ஆண் ஒரு பெண்ணைக் குடியேற்றியதும் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை நாடுவதை வெளிப்படுத்தினார். கற்பும் ஒருமைப்பாடும் காட்ட இக்குருவியை உவமிக்கும் கட்டுரைகளைத் திருத்தும்போது எமக்கு இஃது எப்பொழுதும் நினைவுக்கு வரும். அடைகாப்பது பெண்ணே. இடும் வெண்முட்டைகள் இரண்டு முதல் நான்கு. இரு வாரமளவிற் பொரிக்கும். குஞ்சுகளுக்குப் புழுபூச்சிகளை ஊட்டுவதாலே உழவர் நெல்லிழப்புக்கு ஓரளவு ஈடுமுண்டு.

கூட்டின் உட்சுவரில் ஒட்டிய களிமண்ணில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றும் என்பர். மண் உண்மை, விளக்குப் புனைவு. கூடு காற்றிற் பெரிதும் ஆடாவண்ணம் அம்மண் நிறை சேர்க்கும் என்பது ஆய்வோர் சிலர் கருத்து.

அழகுக்காகக் கூட்டை அறுத்து வீட்டில் தொங்கவிடுவோர், பருவம் முடிந்தபின் எடுத்தாலும் இழப்பில்லை என எண்ணலாகாது. பழங்கூடுகளிற் சில்லைகள் குடியேறுவதுண்டு. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரில் வடபுலத்துப் பனைகள் பெருந்தொகையாய் வீழ்ந்தன. பனையில்லா இடத்தில் இப்பறவை தென்னையையும் ஈச்சையையும் நீர்மேற் சாய்ந்த முள்மரங்களையும் நாடும். சிலவிடங்களிற் கம்பிகளிலுங்கூட நாரைச் சுற்றத் தொடங்கிவிடும்.