மின்கல வண்டிகளும் அவற்றைப் பேணும் முறையும்

எஞ்சின் ஒலி சிறிதுமின்றி முற்றத்தைவிட்டு நீங்கும் மோட்டார் வண்டி இலங்கையில் இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலும் கொழும்பின் நெரிசலிலும், குடும்ப வண்டியாகவும் வாடகை வண்டியாகவும், ஜப்பானிற் சில ஆண்டுகள் ஓடிய பின் இங்கு வந்துசேர்ந்த ஹைபிரிட் வண்டிகள் பல ஓடுகின்றன. ரொயோட்டா நிறுவனத்தின் பிறியஸ் 1997ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் இளவல் எனத்தக்க அக்குவா 2011இல் வந்தது. பெற்றோலே வேண்டாத நிசான் லீஃப் 2010இல் வெளிவந்தது. 2020 மார்ச்சில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் மோட்டார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இருந்த வண்டிகளே கைக்குக் கை மாறின. விலை ஏறிற்று, வண்டிகளின் வயதும் கூடவே ஏறிற்று.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் தமது பணிக்கொடையைக் கொண்டு பழைய அக்குவா ஒன்றை வாங்கி, மகனை வாடகைக்கு ஓட்ட விடுகிறார் என வைத்துக்கொள்வோம். அவர் வர்ணத்தைப் பார்க்கிறார், ஆசனத்தைத் தடவிப் பார்க்கிறார், ரயரையும் பார்க்கிறார். ஆயின் அவர் பணம் கொடுத்து வாங்கும் பொருள்களுள் மிக விலையுயர்ந்தது பின் ஆசனத்தின் கீழே கண்ணிற் படாமல் இருக்கின்றது. அதுவே உயர் அழுத்த மின்கல அடுக்கு. அது சோர்ந்துவிடின் மகனின் பல மாத உழைப்பு அதற்கே போய்விடும். அதனைக் கெடுப்பது பெரும்பாலும் விபத்தன்று, வெப்பமே. அவ்வெப்பத்தை வளர்ப்பதோ பல வேளைகளில் ஒரு பிடி தூசி.

இவ்வண்டி இயங்கும் முறையைச் சற்று அறிந்துகொண்டால் பேணும் முறையும் விளங்கும். சைக்கிள் விளக்குக்குத் தைனமோவைச் சில்லோடு பொருத்தியதும் மிதி கனப்பதைப் பழைய தலைமுறையினர் நன்கு அறிவர். மிதிப்பவரின் வலுவில் ஒரு பகுதி மின்னாக மாறுவதாலேயே அந்தக் கனம் உண்டாகின்றது. ஹைபிரிட் வண்டியில் பிறேக்கை மெல்ல அழுத்தும்போது நிகழ்வதும் இதுவே. சில்லுகளைச் சுழற்றிய மின் மோட்டார் அக்கணமே தைனமோவாக மாறி, வண்டியின் வேகத்தை மின்னாக்கி மின்கல அடுக்கிற் சேமிக்கின்றது. அடுத்த முறை வண்டி புறப்படும்போது அம்மின்னே அதனைத் தள்ளுகின்றது. சாதாரண வண்டியிற் பிறேக் கட்டைகளில் வெறும் சூடாகி வீணாகும் வலு இங்கே மீட்கப்படுகின்றது. நின்று நின்று செல்லும் காலி வீதியில் இவ்வண்டிகள் பெற்றோலை மிச்சம் பிடிப்பதன் இரகசியம் இதுதான்.

இவ்வாறு ஒரு நாளிற் பலநூறு முறை மின்னை உள்வாங்கியும் வெளிவிட்டும் வருவதால் மின்கல அடுக்குச் சூடேறுகின்றது. இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிறியஸ் வண்டிகளின் அடுக்கில் 28 கட்டங்கள் உள. ஒவ்வொரு கட்டத்திலும் 1.2 வோல்ற்று வீதம் ஆறு நிக்கல்-உலோக ஐதரைட்டு மின்கலங்கள். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டு 201.6 வோல்ற்றைத் தருகின்றன. இவற்றைக் குளிர்விப்பதற்கு ஒரு சிறு மின்விசிறி உண்டு. அது வெளிக்காற்றை இழுப்பதில்லை. நாம் அமர்ந்திருக்கும் அறையின் காற்றையே பின் ஆசனத்தருகே உள்ள ஒரு துவாரத்தின் வழியாக இழுக்கின்றது. பிறியஸில் இத்துவாரம் ஆசனத்தின் பக்கவாட்டிலும், அக்குவாவில் ஆசனத்தின் கீழ்ப்புறத்திலும் காணப்படும்.

அந்தத் துவாரம் என்னவென்று அறியாதோர் பலர். பிள்ளைகளின் புத்தகப்பை அதன்மேற் சாய்கின்றது, தலையணை அடைக்கின்றது, சந்தையிலிருந்து வரும் சாக்கு அதனை மூடிவிடுகின்றது. வன்னிப் பெருநிலத்தின் செம்மண் புழுதியும், தலைமயிரும், துணிப் பஞ்சும் விசிறியின் அலகுகளிற் படிந்து தடித்த கம்பளம்போல் ஆகிவிடுகின்றன. விசிறி சுழல்கின்றது; காற்று மட்டும் செல்வதில்லை. நடுவில் உள்ள கட்டங்கள் ஓரத்திலுள்ளவற்றைவிடக் கூடுதலாகச் சூடேறி முதலிற் சோர்கின்றன. வாடகைக்கு ஓடும் வண்டியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், வீட்டு வண்டியில் ஆண்டுக்கு ஒருமுறையும் இவ்விசிறியைக் கழற்றித் துப்புரவு செய்வித்தல் வேண்டும். வடிகட்டி உள்ள வண்டியாயின் அதனையும் கழுவுதல் அல்லது மாற்றுதல் வேண்டும். இதற்கு ஆகும் கூலி அடுக்கின் விலையோடு ஒப்பிடத்தக்கதே அன்று.

அறையின் காற்றே அடுக்கையும் குளிர்விப்பதால், வவுனியாவிலோ அனுராதபுரத்திலோ சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய வண்டியை எடுக்கும்போது முதலிற் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றி, பின் குளிரூட்டியை இயக்குதல் நன்று. பெற்றோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணிக் கொதிக்கும் வெயிலிற் குளிரூட்டியை அணைத்து ஓட்டுவோர் நூறு ரூபாவைக் காத்து இலட்சங்களை இழக்கக் கூடும்.

அடுக்கு ஒன்று சோர்ந்துவிட்டால் சில கராஜ்களிற் கெட்ட கட்டத்தை மட்டும் கழற்றி வேறொன்றைப் பொருத்திக் கொடுப்பதுண்டு. செலவு குறைவுதான். ஆனால் நொண்டி மாட்டை அவிழ்த்துவிட்டு நல்ல மாட்டைக் கட்டினாலும், நுகத்தின் மறுபுறத்தில் நிற்பது கிழ மாடுதானே. பழைய கட்டங்களுக்குள் மற்றொன்று சில மாதங்களிற் படுத்துவிடும். எல்லாக் கட்டங்களையும் அளந்து, கொள்ளளவில் ஒத்தவற்றைச் சேர்த்து அமைத்த அடுக்காயின் அது வேறு. அவ்வாறு அளந்த கணக்கை எழுத்திற் கேட்டுப் பெறுவது வாங்குவோரின் உரிமை.

இனி, இவ்வண்டிகளில் 12 வோல்ற்றுச் சிறு பற்றரி ஒன்றும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். கணினிகளை விழிப்பிப்பதும் பெரிய அடுக்கை வண்டியோடு இணைக்கும் ஆளியை இயக்குவதும் இதன் வேலை. இது இறந்தால், பெரிய அடுக்கு நிறைந்திருந்தாலும் வண்டி ‘றெடி’ என்று சொல்லாது. 2022இல் எரிபொருள் அரிதாகி வண்டிகள் வாரக்கணக்கில் முற்றத்தில் நின்றபோது இச்சிறு பற்றரிகள் பல இறந்தன. பெரிய அடுக்கே கெட்டுவிட்டது என்று அஞ்சியவர்கள் உண்டு. அச்சத்தைப் பயன்படுத்திக்கொண்டவர்களும் உண்டு. எனவே வண்டி கிளம்பாதபோது முதலில் அளக்க வேண்டியது இச்சிறு பற்றரியையே. பிறியஸ், அக்குவா போன்றவற்றில் அது வண்டியின் உள்ளே இருப்பதால், வாயுவை வெளியே கடத்தும் குழாய் பொருத்தத்தக்க வகையையே வாங்க வேண்டும். மலிவான சாதாரண பற்றரியை அங்கே வைத்தல் கூடாது. நெடுநாள் நிறுத்த நேரின், வாரத்துக்கு ஒருமுறை வண்டியை ‘றெடி’ நிலையில் அரைமணி நேரம் வைத்திருத்தல் பற்றரிக்கும் அடுக்குக்கும் நலம் பயக்கும்.

வரிசையில் நிற்கும்போது வண்டியை ‘நியூட்ரல்’ நிலையில் விட்டுக் குளிரூட்டியை ஓடவிடுவதும் தவறு. அந்நிலையில் எஞ்சின் அடுக்குக்கு மின் ஊட்டாது; அடுக்கு இறங்கிக்கொண்டே செல்லும். ‘பார்க்’ நிலையே தக்கது. பெற்றோல் தீர்ந்த வண்டியை மின்கலத்தால் மட்டும் வீடுவரை ஓட்டிச் செல்ல முயல்வது இன்னும் பெரிய தவறு. பிறியஸ் வகை வண்டிகளில் எஞ்சினைச் சுழற்றித் தொடக்குவதற்குத் தனி மோட்டார் இல்லை; பெரிய அடுக்கின் மின்னே அதனைச் செய்கின்றது. அடுக்கு முற்றாக வடிந்தால், பின்னர் பெற்றோல் ஊற்றினாலும் எஞ்சின் எழாது.

மலைநாட்டில் ஓட்டுவோர் அறியவேண்டியது ஒன்றுண்டு. 1800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும்போது, பாதி வழிக்குள்ளேயே ஹைபிரிட் வண்டியின் அடுக்கு நிறைந்துவிடும். நிறைந்த குடத்தில் மேலும் நீர் கொள்ளாது. ஆகவே மின் மோட்டாரின் தடுப்பும் குறைந்து, முழுப் பளுவும் பிறேக் கட்டைகளில் விழும். அவ்வேளை ‘பி’ என்னும் நிலைக்கு மாற்றினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். முழு மின்சார வண்டியாயின், மலையுச்சியில் இரவு தங்கும்போது அதனை நிறைய ஏற்றாமல் இறக்கத்திற்குச் சிறிது இடம் விட்டுவைத்தல் அறிவுடைமை.

பிறேக் கட்டைகள் இவ்வண்டிகளில் நெடுங்காலம் தேயா. தேயாமையே ஒரு கேட்டுக்கும் வழியாகின்றது. கடற்கரை ஊர்களிற் பயன்படாத இரும்பு துருப்பிடித்து, கட்டைகளை நகர்த்தும் ஊசிகள் இறுகிவிடும். கட்டை தடிப்பாக இருக்கின்றது என்று மெக்கானிக் கூறுவதோடு திருப்தியடையாமல், ஆண்டுதோறும் கழற்றித் துடைத்துக் கிறீஸ் இடச் செய்தல் வேண்டும். பிறேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனையும் மாற்றுதல் நன்று. எஞ்சின் ஒயில் பற்றிய விதி பழைய வண்டிகளுக்குரியதே.

லீஃப் வண்டியின் கதை வேறு. அதன் இலிதியம் அடுக்கைக் குளிர்விக்க விசிறியும் இல்லை, நீரும் இல்லை. முதலில் வந்தவற்றின் கொள்ளளவு 24 கிலோவாற்று மணி, அதாவது மின்கட்டணச் சிட்டையில் நாம் காணும் 24 அலகு. அமெரிக்காவில் வெப்பம் மிக்க அரிசோனா மாநிலத்தில் இவற்றின் கொள்ளளவு விரைந்து குறைந்தமை 2012இல் பெரும் முறைப்பாடாயிற்று. நமது வறண்ட வலயத்துக்கு இச்செய்தி பொருத்தமானது. முகப்பின் ஓரத்தில் அடுக்கின் நலத்தைக் காட்டும் பன்னிரண்டு கோடுகள் உள. முதற் கோடு அணையும்போதே கொள்ளளவில் ஏறக்குறைய 15 வீதம் போய்விட்டது என்பது கருத்து. பின்னர் ஒவ்வொன்றும் 6 வீதத்துக்குச் சற்று மேல். எட்டுக் கோடுகளே எஞ்சினால் 24 அலகில் 16 அளவே தேறும். பன்னிரண்டும் ஒளிர்வதாகக் காட்ட அக்கணக்கை அழித்து விற்போரும் உலகில் உளர். ஆகவே கருவியைப் பொருத்திக் கைத்தொலைபேசியில் அளவைப் படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்வதும், தூரம் தெரிந்த வழியில் ஓட்டிப் பார்ப்பதும் வேண்டும். வாங்கிய பின் மர நிழலில் நிறுத்துதல், நாளாந்தப் பயணத்துக்கு 80 வீதம் அளவில் ஏற்றலை நிறுத்துதல், கடும் வெயிலில் விரைவு மின்னேற்றலைத் தவிர்த்தல் ஆகியவை அடுக்கின் ஆயுளை நீட்டும்.

வீட்டில் மின்னேற்றுவோர் சுவரையும் கவனித்தல் வேண்டும். ஜப்பானிய வீட்டு மின்சாரம் 100, 200 வோல்ற்று, நமது 230. வண்டியோடு வந்த கம்பியின் தகட்டில் எழுதியிருப்பதை மின்னியலாளருக்குக் காட்டாமல் செருகலாகாது. பத்து அம்பியர் மின் பத்து மணி நேரம் பாயும்போது தளர்ந்த பழைய செருகி உருகத் தொடங்கும். தனிக் கம்பி வழியும், நல்ல நிலத்தொடுப்பும், கசிவு நேர்ந்தால் துண்டிக்கும் ட்றிப் சுவிச்சும் இன்றியமையாதன. முதல் நாள் இரவில் ஒரு மணி நேரத்துக்குப் பின் மின்னைத் துண்டித்துச் செருகியைத் தொட்டுப் பார்த்தல் எளிய பரீட்சை. கை பொறுக்காத சூடு இருப்பின் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

ஜப்பானிய எழுத்தில் முகப்பிலே தோன்றும் எச்சரிக்கையை விளங்காமையாற் புறக்கணிப்போர் மிகுதி. அவ்வெழுத்துகளைப் படம் எடுத்துப் பொருள் அறிந்துகொள்ள இன்று கைத்தொலைபேசியே போதும். வண்டி வழியில் நின்றுவிட்டால், முன் சில்லுகள் நிலத்தில் உருள இழுத்துச் செல்ல விடலாகாது. உருளும் சில்லு மோட்டாரைச் சுழற்ற, மின் பிறந்துவிடும். நான்கு சில்லுகளையும் தட்டில் ஏற்றிச் செல்லும் வண்டியையே அழைக்க வேண்டும்.

செம்மஞ்சள் நிறக் கம்பி எங்கே தெரிகின்றதோ அங்கே வீட்டார் கை வைத்தல் கூடாது. அது உயிரை வாங்கும் அழுத்தம். பயின்ற திருத்துநர்கூடப் பாதுகாப்புச் செருகியைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருந்து, 1000 வோல்ற்றுக்குத் தாங்கும் கையுறை அணிந்தே தொடுவார். அவ்வாறு காத்திராத கராஜிற்கு வண்டியை மறுமுறை கொண்டுசெல்லாதிருப்பதே நன்று. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை வடிந்தவுடன் இயக்கிப் பார்க்கும் ஆவல் இயல்பானது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொழும்பின் பல வீட்டு முற்றங்களில் நீர் நின்றதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ‘இயன்’ சூறாவளியின்போது உப்புநீரில் மூழ்கிய மின்சார வண்டிகள் சில, நீர் வடிந்து நாட்கள் கழித்துத் தீப்பற்றின. மூழ்கிய வண்டியை இயக்காமல், வீட்டுச் சுவரினின்றும் தள்ளி வெளியில் நிறுத்தி, தகுந்தவர் வந்து பார்க்கும்வரை அப்படியே விட்டுவிடுதல் வேண்டும்.