இன்ஜினியர் எம்.எல்.ஏ. ஆனால்...

காஞ்சன்பாக்கில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இன்ஜினியர்தான். மிதானி, டி.எம்.ஆர்.எல்., டி.ஆர்.டி.எல். என்று ஆளுக்கொரு வாசல்; எல்லா இடத்திலும் வேலை அளப்பதும் சோதிப்பதும் தேறாததை ஒதுக்குவதும்தான். இந்தத் தெருவில் சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவன், "அங்கிள், இன்ஜினியரிங் முடித்துவிட்டு அரசியலுக்குப் போகலாமா?" என்று கேட்டான். அவன் அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. நான் அவனுக்குப் பொன்னாலா லட்சுமய்யாவைப் பற்றிச் சொன்னேன்.

ஊருக்குப் போக நாம் ஏறும் சார்மினார் எக்ஸ்பிரஸ் காஜிபேட்டுக்கு முன்னால் ஜனகாமாவைத் தாண்டிப் போகும். இரவு நேரமாதலால் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். மேட்டு நிலம், ஏரியும் கிணறுமே கதி. அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ.வாக இருந்தவர் லட்சுமய்யா. அமெரிக்காவில் நாசாவில் பொறியாளராகப் பணியாற்றி, அதை விட்டுவிட்டுத் திரும்பி காங்கிரஸுக்கு வந்தவர். 1989-இல் வென்றார், பிறகு 1999, 2004, 2009 என மூன்று முறை தொடர்ச்சியாக வென்றார்.

2004-இல் ராஜசேகர ரெட்டி அமைச்சரவையில் பெரிய நீர்ப்பாசனத் துறை அவருக்குக் கிடைத்தது. ஓர் இன்ஜினியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 'ஜலயக்ஞம்' என்ற பெயரில் 80-க்கும் மேற்பட்ட திட்டங்கள். கோதாவரித் தண்ணீரைப் படிப்படியாகப் பம்ப் செய்து, நூற்றுக்கணக்கான மீட்டர் உயரம் ஏற்றி, வாரங்கல், ஜனகாமா பக்கத்து ஏரிகளை நிரப்பும் தேவாதுலா திட்டமும் அதில் சேர்ந்தது.

சிக்கலும் அங்கேதான். சர்வே, வடிவமைப்பு, கட்டுமானம் மூன்றையும் ஒரே ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தார்கள். நிலம் கைக்கு வருமுன்பே, வனத்துறை அனுமதி இல்லாமலே, பல வேலைகள் ஒப்பந்தமாகிவிட்டன என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பின்னர் குறை கூறினார். இதில் அமைச்சரின் பங்கு எவ்வளவு, அரசின் அவசரம் எவ்வளவு என்று பிரிப்பது கடினம். ஆனாலும் சோதிக்காத உலோகத்தை எங்கள் ஆட்கள் வாசல் தாண்ட விடமாட்டார்கள். அந்தப் பிடிவாதம் அமைச்சரவையிலும் ஒருவருக்கு இருந்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

2009-இல் அவர் ஜெயித்தது வெறும் 236 வாக்குகளில். 2014-இல் தெலங்கானா காங்கிரஸின் முதல் தலைவரானார்; அதே ஆண்டு சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். 2018-லும் தோல்வி. 2023 அக்டோபரில் காங்கிரஸை விட்டு பி.ஆர்.எஸ். கட்சிக்குப் போனார்.

"236 ஓட்டா! எங்கள் ஹாஸ்டலிலேயே அதைவிட அதிகம் பேர் அங்கிள்" என்றான் பையன். கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான் போலிருக்கிறது.

அவன் அம்மா காபி டம்ளரை என் முன் வைத்துவிட்டுக் கேட்டார்: "அது சரி அண்ணா, தோற்ற பிறகு நாசாவில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா?"