தெரிந்தவர் பெயரில் வரும் கணினிப் புழு

மரவள்ளித் தோட்டத்திற்குள் மாவுப்பூச்சி கரணையோடும் வந்து சேர்கிறது. தெரிந்தவர் கொடுத்த கரணை என்பதால் பலர் அதைப் புரட்டிப் பார்ப்பதில்லை. கணினியிலும் செல்போனிலும் ‘புழு’ நுழைவது ஏறத்தாழ இப்படித்தான்.

இந்தப் புழுவுக்கு உயிர் கிடையாது. தன்னைத் தானே படியெடுத்து, ஒரு கருவியிலிருந்து மற்றக் கருவிகளுக்குப் போகும்படி எழுதப்பட்ட நிரல் இது. கணினி வைரஸ் வேறொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு செல்லும். புழுவுக்கு அந்தத் துணை தேவையில்லை.

உடனுக்குடன் செய்தி அனுப்பும் செயலிகள் புழுவுக்கு நல்ல வளமான நிலம். உறவினர், நண்பர் பட்டியல் அங்கே தயாராக இருக்கிறது. போன்காரர் ஏற்கெனவே செயலியைத் திறந்து வைத்திருப்பதால் கடவுச்சொல்லும் வேண்டியதில்லை. அவர் பெயரிலேயே ஒரு இணைப்போ கோப்போ எல்லோருக்கும் போகும். மச்சான் அனுப்பியிருக்கிறார் என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? 50 பேரில் 5 பேர் திறந்து, அந்த 5 பேருக்கும் ஆளுக்கு 50 பேர் பழக்கம் என்றால், அடுத்த சுற்றில் 250 செய்திகள் கிளம்பிவிடும்.

2005-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எம்.எஸ்.என். மெசஞ்சரில் ‘புரோபியா’ என்ற புழு பரவியது. அதன் ஒரு வகை, வறுத்த கோழியின் வேடிக்கைப் படம் ஒன்றைக் காட்டும். பார்த்தவர் சிரித்து முடிப்பதற்குள், அவருடைய கணினியை வெளியாள் இயக்குவதற்கான வேறொரு நிரல் உள்ளே இறங்கியிருக்கும். அதே ஆண்டு ஏப்ரலில் ‘கெல்விர்’ புழுவினால் ராய்ட்டர்ஸ் நிறுவனம் தனது உடனடிச் செய்திச் சேவையையே சிறிது காலம் நிறுத்திவைக்க நேர்ந்தது. எம்.எஸ்.என். மெசஞ்சர் இப்போது இல்லை. புழுக்கள் வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டன.

2021-இல் கண்டுபிடிக்கப்பட்ட ‘பிளிக்ஸ்ஆன்லைன்’ என்ற போலிச் செயலி, இலவசமாகப் படம் பார்க்கலாம் என்று ஆசை காட்டியது. போனில் வரும் அறிவிப்புகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், வாட்ஸ்அப்பில் யார் செய்தி அனுப்பினாலும் அந்த அறிவிப்பை மறைத்துவிட்டு, போன்காரர் பதில் எழுதியது போல் தன் இணைப்பை அனுப்பிவிடும். கூகுள் பிளே ஸ்டோரிலேயே இது சுமார் 2 மாதம் இருந்தது, பின்னர் நீக்கப்பட்டது.

விவசாயிகளைக் குறிவைத்து, பி.எம். கிசான் பெயரில் ‘ஏபிகே’ என்று முடியும் போலிக் கோப்புகளும் வாட்ஸ்அப் குழுக்களில் வந்திருக்கின்றன. தவணைப் பணம் நின்றுவிடும், உடனே பதிவு செய்யுங்கள் என்று அவசரப்படுத்துவார்கள். கோப்பை நிறுவி, கேட்கும் அனுமதிகளைக் கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் திருடர் கைக்குப் போய்விடக்கூடும். எனவே, யார் அனுப்பினாலும் ஏபிகே கோப்பைத் திறக்கக்கூடாது. அனுப்பியவரைப் போனில் கூப்பிட்டு, “நீங்கள்தான் அனுப்பினீர்களா?” என்று கேட்பது நல்லது. பி.எம். கிசான் பதிவை இ-சேவை மையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தவறித் திறந்துவிட்டால் முதலில் போனின் இணையத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். பிறகு வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்க வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் தாமதமின்றிப் புகார் செய்யலாம். அந்தச் செயலியை நீக்குவதோடு, வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதியில் தெரியாத கருவி ஏதேனும் இருந்தால் அதையும் வெளியேற்ற வேண்டும். தன் பெயரில் வந்த கோப்பைத் திறக்க வேண்டாம் என்று உறவினருக்கும் குழுவில் உள்ளவர்களுக்கும் அன்றைக்கே வாய்மொழியாகச் சொல்லிவிட வேண்டும்.