சோக்கை விட்டா செத்துப் போகுது!

விடியற்காலை நாலு மணி. திருவண்ணாமலை செங்கம் ரோடு. எதிரே பெங்களூர் பஸ். பின்னால் கரும்பு லாரி. நடுவில் ஒரு மொபெட்டில் என் அப்பா. முன்னால் இரண்டு இட்லிப் பாத்திரம், பின்னால் சாம்பார் தூக்கு. வேகத்தடை வந்ததும் ஆக்ஸிலேட்டரை விட்டார். வண்டி ஒரு விக்கல் விக்கி அடங்கிப் போனது.

லாரிக்காரர் போட்ட பிரேக்கில் கரும்பே ஜூஸாகியிருக்கும். வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. ஆசிரியர் வெட்டி விடுவார்.

அப்பாவுக்கு வயது அறுபத்தாறு. கிரிவலப் பாதையில் காலையில் இட்லிக் கடை. எட்டு மணிக்குள் பாத்திரம் காலியாகும், அவரும் வீட்டுக்கு வந்து விடுவார். அவருடைய மொபெட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். பாவம், இந்தக் கதையில் தப்பு அதன் மேல் இல்லை. எல்லாம் எங்கள் மேல்தான்.

நடந்தது இவ்வளவுதான். அப்பாவுக்குக் கண்ணில் புரை ஆபரேஷன். 'மூன்று மாதம் வண்டி ஓட்ட விட மாட்டேன்' என்று அம்மா 144 போட்டு விட்டாள். டேங்கில் அரை டேங்க் பெட்ரோலோடு மொபெட் மாட்டுக் கொட்டகை ஓரமாக நின்றது. ஐப்பசி மழை முழுக்க அதன் தலையில் பெய்தது. கார்த்திகையில் அப்பா கண் தெளிந்து வந்து உதைத்தால், சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை விட்டால் செத்துப் போகிறது. ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்தால் ஓடுகிறது. விட்டால் மறுபடி செத்துப் போகிறது.

"வித்துட்டு ஸ்கூட்டி வாங்கிக்கோங்கப்பா" என்றேன்.

"உன்னைக் காலேஜுக்குக் கொண்டு போய் விட்ட வண்டிடா அது" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அடியேன் பி.காம். பத்திரிகைக்கு எழுதிப் பிழைப்பவன். ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே. 'நானே சரி பண்றேன்' என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை லுங்கியை மடித்துக் கட்டினேன்.

முதல் காரியமாகக் கார்புரேட்டர் பக்கவாட்டில் இருந்த பெரிய ஸ்க்ரூவைத் திருகினேன். ஆஹா! இன்ஜின் நின்று ஓட ஆரம்பித்தது. 'பாத்தீங்களா?' என்று அம்மாவைத் திரும்பிப் பார்த்த நேரத்தில் ஸ்டாண்டை எடுத்தேன். வண்டி தானாகவே கிளம்பி, பக்கத்து வீட்டுக் கோலத்தின் மேல் ஏறி, துளசி மாடத்தை முட்டி நின்றது.

என்ன ஆயிற்று என்று பிறகுதான் புரிந்தது. இந்த மொபெட்டில் கிளட்ச் லீவர் கிடையாது. இன்ஜின் ஒரு வேகத்தைத் தாண்டினால் கிளட்ச் தானே பிடித்துக்கொள்ளும். நான் திருகியது 'ஸ்லோ ஸ்பீடு' ஸ்க்ரூ. அது வியாதியைத் தீர்க்காது. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கும், அவ்வளவுதான். காய்ச்சல்காரனைத் தூக்கி நிறுத்தி ஓடவிட்ட மாதிரி. அப்பா அதை நடுரோட்டில் ஓட்டியிருந்தால்? நினைத்தாலே இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

சரி, கார்புரேட்டர் என்றால் என்ன? எங்கள் அக்கவுண்ட்ஸ் பாஷையில் சொன்னால், அது ஒரு கணக்குப்பிள்ளை. ஒரு கிலோ பெட்ரோல் சுத்தமாக எரிய, கிட்டத்தட்ட பதினாலே முக்கால் கிலோ காற்று வேண்டும். இந்த டெபிட்டும் கிரெடிட்டும் டாலியாக வேண்டும். காற்று போகிற குழாயை நடுவில் ஒடுக்கி விட்டால், அந்த இடத்தில் காற்று வேகமாகப் போகும், அழுத்தம் குறையும். அந்தக் குறைவு பெட்ரோலை ஒரு சின்னத் துளை வழியாக மேலே உறிஞ்சும். இத்தாலிக்காரர் வெஞ்சூரி பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஆராய்ந்து சொன்ன விஷயம் இது. இதை வைத்து பெட்ரோலைப் பூந்தூறலாகத் தெளிக்கும் கார்புரேட்டரை 1893-ல் ஹங்கேரியின் பாங்கியும் சோங்காவும் ஒரு பக்கம், ஜெர்மனியின் மேபாக் இன்னொரு பக்கம் செய்தார்கள். பாங்கி தெருவில் ஒரு பூக்காரப் பெண் பூவுக்கு வாயால் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்துத்தான் யோசனை பிடித்தார் என்று அந்த ஊரில் ஒரு கதை உண்டு. நம் ராஜகோபுர வாசலில் தினமும் எத்தனை பேர் பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள்! நமக்கு ஒரு முழம் வாங்கத்தான் தோன்றுகிறது.

இந்தக் கணக்குப்பிள்ளையிடம் இரண்டு லெட்ஜர். வண்டி ஓடும்போது பெரிய துளை: மெயின் ஜெட். சும்மா நிற்கும்போது பொடித் துளை: ஸ்லோ ஜெட். ஸ்லோ ஜெட்டின் துளை எவ்வளவு பொடி என்றால், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால்தான் ஓட்டை இருப்பதே தெரியும். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் ஆவியாகிப் போய், மிச்சம் வார்னிஷ் மாதிரி பிசினாக அதில் படிகிறது. மெயின் ஜெட் தப்பித்துக்கொள்ளும். ஸ்லோ ஜெட் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் முறுக்கினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது. சோக் போட்டால் காற்று குறைந்து பெட்ரோல் சேர்ந்து வருவதால் கொஞ்ச நேரம் உயிர் பிடிக்கிறது.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றினேன். எங்கே? இட்லி அடுப்புக்கு ஆறடி தள்ளி. "வீட்டோட கொளுத்தப் பாக்கறியா?" என்று அம்மா கரண்டியோடு வந்த பிறகுதான் வாசலுக்குப் போனேன். பெட்ரோல் விஷயத்தில் பீடி, அடுப்பு, சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் ஆகாது. நான் பட்டதாரி, எனக்கே அம்மா சொல்ல வேண்டியிருந்தது.

ஸ்லோ ஜெட் கையில் வந்தது. அடைப்பு. குத்தி எடுக்க என்ன இருக்கிறது? சகதர்மிணியின் தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கு! கேட்டு வாங்கினேன். குத்தினேன். இன்னும் கொஞ்சம் குத்தினேன். வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. மாட்டி முடித்தபோது ஒரு பேக்கிங் மிச்சம் இருந்தது. 'கம்பெனிக்காரன் ஸ்பேர் குடுத்திருப்பான்' என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வண்டி நின்று ஓடியது. ஆனால் தெருவே புகை. மறுநாள் பெட்ரோல் மளமளவென்று இறங்கியது. மூன்றாம் நாள் பிளக் நனைந்து வண்டி அடியோடு படுத்து விட்டது. அன்றைக்கு அப்பா இட்லிப் பாத்திரத்தோடு வண்டியை அக்னி லிங்கத்திலிருந்து வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தார். வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் பத்து நிமிஷம் பேசவில்லை. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் பாய் வந்தார். எங்கள் தெருக்கோடியில் ஷெட். அப்பாவுக்கு இருபது வருஷப் பழக்கம்.

"இன்னா தம்பி, ஊக்கு போட்டுக் குத்தினீங்களா?"

"எப்படி பாய் தெரியும்?"

"படிச்சவங்க எல்லாரும் அதான் பண்றாங்க" என்றார். "பித்தளை தம்பி இது. ஊக்கு இரும்பு. ஓட்டை பெருசாயிடும். கண்ணுக்குத் தெரியாது, வண்டிக்குத் தெரியும்."

பாய் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. முதலில் பிளக்கைக் கழற்றினார். கரி அப்பிய கறுப்பு. பெட்ரோல் அதிகம் என்று அர்த்தமாம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றவில்லை. காப்பிப்பொடி நிறம்தான் ஆரோக்கியம். புது பிளக்கை மாட்டி, இன்ஜின் மேல் வைத்து உதைத்துப் பார்த்தார். நீலமாகப் பொறி வந்தது.

அடுத்து டியூபைப் பிடுங்கி, ஒரு பழைய குவார்ட்டர் பாட்டிலில் பெட்ரோல் பிடித்து (பாட்டில் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை) சுவர் ஓரம் வைத்தார். ஒரு டீ குடித்து விட்டு வந்து பார்த்தால், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தனியாக ஒரு படிவம். தண்ணீர்! டேங்க் மூடியின் ரப்பர் செத்து, மழை உள்ளே போயிருக்கிறது.

இங்கே ஒரு புது சமாசாரம். 2023 பிப்ரவரியிலிருந்து நம் நாட்டில் இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, பிறகு பரவலாகி விட்டது. எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் பிரியம் அதிகம். கொஞ்சம் தண்ணீர் என்றால் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய்த் தங்கி விடும். இன்ஜினுக்கு முதலில் போவதே அந்த அடித் தண்ணீர்தான். இன்னொன்றும் உண்டு. எத்தனால் எரிய அதன் எடைக்கு ஒன்பது மடங்கு காற்றே போதும். பழைய கார்புரேட்டருக்கு இந்தப் புதுக் கணக்கு தெரியாது. பழைய கணக்கிலேயே காற்று விடும். அதனால் கலவை கொஞ்சம் நீர்த்துப் போகும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 சட்டம் வந்த பிறகு விற்ற வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டரே கிடையாது. கம்ப்யூட்டர் பார்த்து பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. ஓசூரில் 1980-ல் டி.வி.எஸ். 50 வந்த காலத்திலிருந்து மொபெட்டை நம்பிப் பால், பூ, கீரை, இட்லி சுமந்த நம் ஜனங்களின் பழைய வண்டிகளுக்குத்தான் இந்தத் தலைவலி.

டேங்கைக் காலி செய்து கழுவினார் பாய். புது ஸ்லோ ஜெட், புது பேக்கிங் செட். கார்புரேட்டரை மருந்தில் ஊறப்போட்டு, ஒவ்வொரு துளையிலும் கம்ப்ரஸர் காற்று அடித்தார். ஊக்கு, கம்பி எதுவும் கிடையாது. ஃப்ளோட்டை ஆட்டிப் பார்த்தார். அது கக்கூஸ் தொட்டியில் இருக்கும் பந்து மாதிரிதான். சிக்கிக்கொண்டால் பெட்ரோல் வழிந்து கொண்டே இருக்கும்.

மாட்டி உதைத்தார். நின்று ஓடியது. ஆனால் ஒரே சீராக இல்லை. ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது.

"எங்கயோ திருட்டுக் காத்து" என்றார். சோப்புத் தண்ணீரைக் கார்புரேட்டரும் இன்ஜினும் சேரும் இடத்தில் பீய்ச்சினார். சத்தம் சட்டென்று மாறியது. என் சட்டைப் பையிலிருந்த 'ஸ்பேர்' பேக்கிங் இருக்க வேண்டிய இடம் அதுதான்! கணக்கில் வராமல் உள்ளே வரும் காற்று. இன்கம்டாக்ஸ்காரர் பாஷையில், கறுப்புக் காற்று.

இத்தனையும் ஆன பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார். அதுவும் வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிச் சூடாக்கி விட்டு வந்து. சின்ன ஏர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே முட்டும் வரை திருகினார். அழுத்தக் கூடாதாம், முனை கெட்டு விடும். பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே. அங்கிருந்து கால் கால் சுற்றாகத் திருப்பி, எங்கே சத்தம் அதிகபட்சம் எழும்புகிறதோ அங்கே விட்டார். கடைசியில் நான் முதலில் திருகிய அந்தப் பெரிய ஸ்க்ரூவைத் தளர்த்தி, சக்கரம் இழுக்காத வேகத்தில் நிறுத்தினார். நான் ஆரம்பித்த இடத்தில் அவர் முடித்தார்.

திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா சொன்னார்: "பாய் மொதல்ல நெருப்பு பாத்தாரு, அப்புறம் தண்ணி, அப்புறம் காத்து. அக்னி லிங்கம், வருண லிங்கம், வாயு லிங்கம். பதினாலு கிலோமீட்டர் சுத்தறியே, வரிசை தெரிய வேணாமா?"

பாய் சிரித்து விட்டார். "அடுத்தது குபேர லிங்கம் பெரியவரே" என்று பில்லுக்குக் கை நீட்டினார். ஜெட், பேக்கிங், பிளக், கூலி எல்லாம் சேர்த்து, நான் புகையாக விட்ட பெட்ரோல் காசை விடக் கொஞ்சம்தான் அதிகம்.

போகும்போது இரண்டு விஷயம் சொல்லி விட்டுப் போனார். வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால், பெட்ரோல் டேப்பை மூடி விட்டு, வண்டி தானாக நிற்கும் வரை ஓட விட வேண்டும். கார்புரேட்டர் காய்ந்து விடும், பிசின் பிடிக்காது. அமெரிக்காவில் பண்ணைக்காரர்கள் ஓட்டும் நாலு சக்கர ஏ.டி.வி. வண்டிகளுக்கும் பனிக்காலத்தில் இதே வியாதி, இதே பத்தியம் என்று நான் படித்ததைச் சொன்னேன். "அங்கயும் ஊக்கு போடுவாங்களா தம்பி?" என்றார். இரண்டாவது, டூ ஸ்ட்ரோக் வண்டி என்பதால் ஆயிலை லிட்டருக்கு 20 மில்லிக்கு மேல் ஊற்றக் கூடாது. 'கூட ஊத்தினா நல்லா ஓடும்' என்று அப்பா ஊற்றிய ஆயிலெல்லாம் சைலன்ஸரில் கரியாக இருக்கிறதாம். அதற்கு இன்னொரு நாள் வருகிறாராம்.

மறுநாள் விடியற்காலை நாலு மணி. படுக்கையிலிருந்தே கேட்டது. ஒரே உதை. சோக் இல்லை. வாசலில் 'டுக்... டுக்... டுக்...' என்று சீராக ஒரு சத்தம். ஐந்து நிமிஷம் ஆயிற்று. கிளம்பின சத்தம் வரவில்லை. மறுபடி ஏதாவதா என்று பதறி எழுந்து போய்ப் பார்த்தேன்.

அப்பா வண்டியைச் சும்மா நிறுத்தி வைத்து விட்டுப் பக்கத்தில் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெட்ரோல் விக்கிற வெலையில கச்சேரியா கேக்கறீங்க? இட்லி ஆறுது, கெளம்புங்க!" என்று உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது.